புத்தகம் பார்த்து எழுதும் பரீட்சை

கும்மிடிப்பூண்டியில் எனக்கு வேலை போட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் அப்பா முதலில் கேட்டது, அங்கே பெருமாள் கோயில் இருக்கிறதா என்றுதான். தங்க இடம் இருக்கிறதா, ஒரு பெண் தனியாக இருக்கலாமா, ஒன்றும் கேட்கவில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகவேண்டுமென்றால் ரயிலில் பட்டணம் பக்கம் வந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கே போகிற வண்டிக்காகக் காத்திருந்து மாறிப் போகவேண்டும். ஒரே ஜில்லாவுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக இத்தனை சுற்று. பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போகலாமே என்பார்கள். அந்த பஸ் எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது.

நான் பி.டி. ஆசிரியை. சமூகப் பாடம் எடுப்பேன். பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே அம்மா போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல காலம் ஆயிற்று. ஆகவே திருவள்ளூரில் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் அப்பா தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார், கும்மிடிப்பூண்டியில் ரயிலடிப் பக்கம் நான் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன். சனிக்கிழமை பள்ளி விட்டதும் வண்டி ஏறினால் விளக்கு வைத்தபிறகு வீடு போய்ச் சேருவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திரும்ப மூட்டை கட்ட வேண்டியதுதான். அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால் அதுவும் போச்சு. வேண்டுதலுக்காகக் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவதற்குள் வண்டி போயிருக்கும்.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. திருவள்ளூர் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக வேண்டும். பதவி மோகம் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அந்த நாற்காலி திருவள்ளூரில் இருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் மணி அடித்ததும் நடந்தே வீட்டுக்குப் போய், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் சமைக்கலாம். சாதாரண ஆசிரியையாகவே மாற்றல் வாங்கிப் போயிருக்கலாமே என்பீர்கள். முயற்சி செய்யாமலா இருந்தேன்? உள்ளூரில் பிறந்தவர்களும் உள்ளூரில் வாழ்க்கைப்பட்டவர்களுமாக அங்கே இடம் பிடித்தவர்கள் ஒருவரும் அசைவதாக இல்லை. தலைமையாசிரியை ஒருவர்தான் சில வருஷங்களில் ஓய்வு பெறுகிறவர். அந்த இடத்துக்குப் பணிமூப்பு வரிசையில் எனக்கு வாய்ப்பு இருந்தது. ஆனால் அதற்கு இலாகா தேர்வில் தேறியிருக்க வேண்டும். அலுவலக நடைமுறை, விடுப்பு விதிகள், கணக்கு விதிகள் எல்லாம் அதில் வரும். தேறாவிட்டால் எத்தனை மூப்பு இருந்தாலும் அடுத்தவர் தாண்டிப் போய்விடுவார்.

அந்த அடுத்தவர் என்னோடு ஒரே அறையில்தான் இருந்தாள்.

எளாவூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவளுடையது. நெல் விளையும் நிலம் வைத்திருந்த குடும்பம். வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். அப்பாவை நைனா என்பாள். கிராமத்துக்கு நேரத்துக்கு பஸ் கிடையாது என்பதால் என்னோடு வந்து தங்கினாள். கணக்கு டீச்சர். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். வகுப்பில் அச்சடித்த மாதிரித் தமிழ் பேசுவாள், அறைக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் ஊர்ப் பேச்சு வந்துவிடும். அவள் வந்தபிறகுதான் சாயங்காலம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் பள்ளி விட்டு வந்தால் விளக்கேற்றுவது, சாப்பிடுவது, படுப்பது. அவள் வந்ததும் பேச்சு, சிரிப்பு, நடுநடுவே சண்டை. என் ரசத்தைக் கோயில் தீர்த்தம் என்பாள். அவள் குழம்பை நான் நாக்கில் வைத்தால் மண்டை வரைக்கும் ஏறும்.

இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தேர்வுக்குப் பணம் கட்டினோம். அந்தத் தேர்வில் ஒரு விசேஷம் உண்டு. விதிப் புத்தகங்களைக் கையோடு எடுத்துப்போய், விரித்து வைத்துக்கொண்டு, பார்த்தே எழுதலாம். சர்க்காரே அனுமதித்தது. இதைக் கேட்டதும் அவள் பாதி பாரம் இறங்கிவிட்டது என்றாள். எனக்கோ அருவருப்பாக இருந்தது. பார்த்து எழுதுவதற்குப் பெயர் பரீட்சையா?

நான் வளர்ந்த விதம் அப்படி. அப்பா பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிக்கும், அதாவது சேர்ந்து ஓதும், கோஷ்டியில் முன்னால் நிற்பவர். எதிரெதிராக இரண்டு வரிசை உட்காருவார்கள். ஒரு பக்கத்தார் முதல் இரண்டடி சொன்னால், எதிர்ப்பக்கத்தார் அடுத்த இரண்டடியை எடுப்பார்கள். அப்பா எப்போதும் வலப்பக்க வரிசையில் முதல் ஆள். அவர் வாய் திறந்தால்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள். ஆயிரக்கணக்கான அடிகள், எல்லாம் மனப்பாடம். எங்கள் தெருவில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சேவிப்பவரை ஓர் ஆளாகவே மதிக்கமாட்டார்கள். பெண்கள் கோஷ்டியில் உட்காரமுடியாது. தூணோரம் நின்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் என் பள்ளிப் பாடத்தை அப்பா அப்படித்தான் சொல்ல வைப்பார். புத்தகம் அவர் கையில், பாடம் என் வாயில். ஒரு சொல் தடுமாறினால் பட்டென்று புத்தகத்தை மூடிவிடுவார். அதற்கு மேல் திட்டு கிடையாது, அடி கிடையாது. அந்த மூடுகிற சத்தமே போதும்.

நான் டீச்சரானதும் அதே வித்தையைத்தான் நடத்தினேன். எங்கள் பள்ளியில் எல்லாருமே அப்படித்தான். பாடத்தை நடத்தி முடித்ததும் பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொள்வார்கள். முதல் கேள்விக்கு விடை இங்கேயிருந்து இதுவரைக்கும், இரண்டாவதற்கு அங்கேயிருந்து அதுவரைக்கும் என்று நான் சொல்லச் சொல்ல, புத்தகத்தில் அடைப்புக்குறி போட்டுக்கொள்வார்கள். பரீட்சையில் அந்தக் குறியிலிருந்து அந்தக் குறிவரை எழுதினால் முழு மார்க். ஒரு சொல் மாறினால் அரை மார்க் போகும். என் வகுப்பில் தேர்ச்சி விகிதம் எப்போதும் நன்றாகவே இருந்தது. எண்ணூரில் மின்நிலையம் கட்டுகிறார்கள், பத்தாவதோ பதினொன்றாவதோ தேறியிருந்தால் போதும், வேலை என்று ஊரெல்லாம் பேச்சு. பெற்றோர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

இலாகா தேர்வுக்கும் அப்படியே உட்கார்ந்தேன். இங்கிலீஷில் தலையணை கனத்துக்கு விதிப் புத்தகம். ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து உரு போட்டேன். விதி எண்ணைச் சொன்னால் விதி வாயில் வரும். பக்கத்துப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தவள் போர்வையை விலக்கிவிட்டுக் கேட்டாள்.

"இன்னா டீச்சர் நீங்க? புக்கு எதுக்குக் குடுக்குறாங்க, தலைக்கு வெச்சிக்கினு தூங்கவா? எது எங்க கீதுன்னு தெரிஞ்சா போதும். சும்மா பேஜார் பண்ணிக்கினு."

நீ உன் வழியில் போ, நான் என் வழியில் போகிறேன் என்றேன்.

சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. கூடம் முழுவதும் வயதான ஆண்கள், குமாஸ்தாக்கள், என்னைப் போல ஆசிரியைகள் சிலர். எல்லாரும் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம், மழை மாதிரி. நான் என் புத்தகத்தை மேஜை ஓரத்தில் மூடி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். மேற்பார்வையாளர் இரண்டு தடவை வந்து, அம்மா, புத்தகம் பார்க்கலாம் என்றார். தெரியும் என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பேனா நிற்கவே இல்லை.

முடிவு வந்தது. அவள் எண் இருந்தது. என் எண் இல்லை.

யாரும் விடைத்தாளைத் திருப்பித் தரப்போவதில்லை. எதனால் போயிற்று என்று நாங்களே அறையில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு பார்த்தோம். ஒரு கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு குமாஸ்தா விடுப்பில் இருக்கும்போது அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். அவர் விடுப்பை நீட்டிக் கேட்கிறார். கொடுக்கலாமா, கொடுத்தால் யார் கொடுக்கவேண்டும் என்று கேள்வி. நான் சம்பந்தப்பட்ட விதிகள் அத்தனையும் எண்ணோடு, உட்பிரிவோடு, ஒரு சொல் பிசகாமல் நாலு பக்கம் எழுதியிருந்தேன். அவள் அரைப் பக்கம் எழுதினாளாம். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாம் சரி, அந்த ஆளுக்கு லீவு உண்டா இல்லையா என்று கேட்டாள். நான் அதை எழுதவேயில்லை. நாலு பக்கத்தில் எங்குமே எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை திருவள்ளூர் போய் அப்பாவிடம் தேறவில்லை என்றேன். எப்படி என்றார். புத்தகம் பார்க்கலாமென்று விட்டிருந்தார்கள், நான் பார்க்கவில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"நன்னாப் பண்ணினே. பார்த்து எழுதி வர்ற பதவி நமக்கு எதுக்கு?"

எனக்கு அழுகை வந்தது. நான் தேறினால் இந்த வீட்டுக்கு வருவேன் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார். மகள் தோற்றதில் ஒரு தகப்பனுக்கு இத்தனை சந்தோஷமா என்று வண்டியில் வழி முழுவதும் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறவும் மறந்து, சென்ட்ரல் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

அந்த ஆத்திரத்தில்தான் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பரீட்சையை வைத்தேன். கல்விச் சீர்திருத்தம் கீர்திருத்தம் ஒன்றும் கிடையாது. என் வயிற்றெரிச்சல். ஊராட்சிப் பாடம் முடிந்திருந்தது. எல்லாரும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள், பார்த்து எழுதலாம் என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. பலகையில் ஒரே கேள்விதான் எழுதிப்போட்டேன். ஏரி நிரம்பியிருக்கிறது, ஆனால் கடைமடையில் இருக்கும் உங்கள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. யாரிடம் போவீர்கள், அவர் என்ன செய்யமுடியும்?

சிறிது நேரம் பக்கம் புரளும் சத்தம். பிறகு முன் பெஞ்சில் எப்போதும் முதல் ராங்க் வாங்குகிற பெண் எழுந்து நின்றாள். அவளுக்கு வியர்த்திருந்தது.

"எங்கேர்ந்து எங்க வரைக்கும் டீச்சர்?"

அவள் புத்தகத்தில் நான் போடவைத்த அடைப்புக்குறிகள் வரிசையாக இருந்தன. இந்தக் கேள்விக்கு மட்டும் குறி இல்லை. நீயே தேடு என்றேன். அவள் உட்கார்ந்து, பாடத்தை முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தாள். மற்றவர்களும் அப்படியே. மணி அடிக்கும் வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் பாடத்தைப் படியெடுத்தார்கள். சிலர் பாடத்தின் கடைசியில் இருந்த பயிற்சிக் கேள்விகளையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். இரண்டாவது வருஷமாக அதே வகுப்பில் இருந்த ஒரு பெண் மட்டும் மூன்று வரி எழுதியிருந்தாள். பஞ்சாயத்துத் தலைவரிடம் போகவேண்டும், ஆனால் எங்கள் ஊரில் மேல்மடை நிலம் அவருடையதுதான், ஆகையால் புத்தகத்தில் சொல்லியிருக்கும் யூனியன் கமிஷனரிடம் போவோம் என்று.

அன்று சாயங்காலம் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பிள்ளைகளும் நான் சென்னையில் எழுதியதைத்தான் எழுதியிருந்தார்கள். இத்தனை வருஷமாக நான் போட்ட மார்க் எல்லாம் எதற்குப் போட்டேன் என்று குழம்பியது. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. முதல் ராங்க் பெண்ணுக்கு எத்தனை போடுவது என்று தெரியாமல் மார்க்கே போடாமல் திருப்பிக் கொடுத்தேன். எந்தப் பக்கத்தில் விடை இருக்கிறது என்று அவளை மறுபடி தேடச் சொன்னேன். அவள் அழுதாள். மூன்றாவது தடவை கண்டுபிடித்தாள்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை புத்தகத்தோடு ஒரு பரீட்சை வைத்தேன். தலைமையாசிரியருக்கு விஷயம் போயிற்று. ஓய்வு பெறும் வயதில் இருந்த நல்ல மனிதர் அவர். டீச்சரே காப்பி அடிக்க விடுகிறாள் என்று ஊரில் பேசுகிறார்கள், நாளைக்கு மேலதிகாரி வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்ல என்று கையைப் பிசைந்தார். சர்க்கார் எனக்கு அப்படித்தான் பரீட்சை வைக்கிறது, அதை முதலில் கேட்கச் சொல்லுங்கள் என்றேன். மற்ற ஆசிரியர்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் திருவள்ளூர் தலைமையாசிரியை ஓய்வு பெற்றார். எளாவூர்க்காரிக்கு அந்த இடம் போடப்பட்டது. எங்கள் இருவருக்கும் அந்த உத்தரவைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திருவள்ளூரில் பிறந்தவள் கும்மிடிப்பூண்டியில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் பிறந்தவள் திருவள்ளூருக்கு. அவள் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிடவா என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். அப்படி எழுதினால் உனக்குக் கீழே இருப்பவருக்குப் போகும், எனக்கு வராது, பேசாமல் போ என்றேன். கிளம்புகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஒங்க அப்பாவ நான் பாத்துக்கினே இருப்பேன். நீங்க அடுத்த தபா புக்கத் தொறங்க டீச்சர்."

வண்டி போனபிறகு அறைக்கு வந்தேன். அவள் பாய் இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. அன்றைக்கு ரசம் வைத்தேன், அதைக் கேலி செய்ய ஆள் இல்லை. முன்பு தனியாக இருந்தபோது தனியாக இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. ஒருத்தி வந்து இருந்துவிட்டுப் போனபிறகுதான் அது தெரிந்தது. பல நாள் சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்து, எனக்குச் சம்பந்தமில்லாத வண்டிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தேர்வில் புத்தகத்தைத் திறந்தேன். இதைச் சொல்வது சுலபம். அப்பா எனக்குப் பின்னால் நின்று பார்க்கிறார் என்று தோன்றியது. ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தேன். பிறகு கேள்வியை நிதானமாகப் படித்தேன், பொருளடக்கத்தைப் பார்த்தேன், பக்கத்தைக் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன். நேரம் மிச்சமிருந்தது. தேறினேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அப்பா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பார்த்தா எழுதினாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். கை கால் அலம்பிக்கொண்டு வா, இலை போடுகிறேன் என்றார். அந்தச் சாப்பாடு முழுவதும் புத்தகத்தை மூடுகிற அந்தப் பழைய சத்தம் என் காதில் இருந்தது.

எனக்கு இடம் கும்மிடிப்பூண்டியிலேயே வந்தது. எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். திருவள்ளூர் நாற்காலியில் இருந்தவள் இளையவள். அது இனி எத்தனையோ வருஷத்துக்கு எனக்கு இல்லை. மாலை போட்டார்கள், காராபூந்தி கொடுத்தார்கள். மறுநாள் ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள், பேச்சு நின்றுவிட்டது. வாசலைத் தாண்டியதும் பேச்சு மறுபடி தொடங்கியது. அப்புறம் நான் அந்த அறைக்குப் போவதை விட்டேன். மத்தியானம் என் மேஜையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். இதற்குத்தானா இத்தனை பாடு என்று தோன்றாத நாள் கிடையாது.

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை, எளாவூர்க்காரி ஊருக்குப் போகிற வழியில் என்னைப் பார்க்க இறங்கினாள். அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. வாராவாரம் போகிறேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் தெருவில் விசாரித்ததை அவள் சொன்னாள். ஒருநாள் கோஷ்டியில் அப்பா ஓர் அடியிலிருந்து அதே மாதிரி இருக்கும் இன்னொரு பாசுரத்து அடிக்குத் தாவிவிட்டாராம். அவர் முதல் ஆள் ஆனதால் வரிசை முழுவதும் அவர் பின்னாலேயே தப்பாகப் போயிற்றாம். எதிர்வரிசை திகைத்து நின்றுவிட்டது. மறுநாள் ஓர் இளைஞர், மரியாதையாகத்தான், ஒரு புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்திருக்கிறார். அப்பா அதைப் பார்த்தார், எழுந்தார், வீட்டுக்கு நடந்தார். அப்புறம் போகவில்லை.

நான் அடுத்த வண்டியில் கிளம்பினேன். அவரிடம் எதையும் கேட்கவில்லை. என்னோடு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். ஒரு டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டினார்.

ஆக நான் ஆசைப்பட்டது நடந்தது. ஒரே அடுப்பு, இரண்டு பேருக்கும் ஒரே சமையல். ஊர்தான் வேறு. தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்த சமயம். தெருவில் பாதிப்பேர் தெலுங்கில் பேசினார்கள். அப்பாவுக்குப் பேச ஒருவரும் இல்லை. நான் பள்ளிக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், திரும்பி வரும்போதும் அங்கேயே இருப்பார். பள்ளியில் யாரும் என்னோடு பேசவில்லை, வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை, சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தால் எங்களுக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை.

மார்கழி பிறந்தது. விடியுமுன் குளித்துவிட்டு, கூடத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து, தானே சேவிக்கத் தொடங்கினார். நான் அடுப்படியில் இருந்தேன். முதல் இரண்டடி கணீரென்று வந்தது. பிறகு நின்றுவிட்டது. இருமலோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி அதே இரண்டடி. மறுபடி நின்றது. எனக்கு மெல்லத்தான் புரிந்தது. வாழ்நாளெல்லாம் அவர் வலப்பக்க வரிசைக்காரர். முதல் இரண்டடி அவருடையது, அடுத்த இரண்டடி எதிரே இருப்பவர்களுடையது. அந்த இடத்தில் நிறுத்திக் காதுகொடுத்தே பழகிவிட்டார். இப்போது எதிரே இருந்தது சுவர். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், சுவரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் இரண்டடியோடு எழுந்துவிட்டார். என்னால் தாங்கமுடியவில்லை. சென்னைக்கு ஒரு கூட்டத்துக்குப் போனபோது பாசுரப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். எடுத்து அவர் கண்ணில் காட்டத் துணிச்சல் வரவில்லை. ஒருமுறை புத்தகம் வைத்ததற்குக் கோயிலையே விட்டு வந்தவர்.

ஒரு விடியற்காலை, வருவது வரட்டும் என்று அதை எடுத்து, மூடியபடியே மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் கண் மூடியிருந்தது. இரண்டடி சொன்னார், நிறுத்தினார். தூணோரம் நின்று கேட்டதை நம்பி நான் அடுத்ததை எடுத்தேன். முதல் சொல் சரியாக வந்தது, இரண்டாவது சொல் தப்பு. அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், மடியில் இருந்ததைப் பார்த்தார். எழுந்து போய்விடுவார், இந்த வீட்டையும் விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

"அதைப் பிரி. பார்த்தே சொல்லு. தப்பாச் சொல்லாதே."

பிரித்தேன். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டி எழுத்து கலைந்தது. முன்னும் பின்னும் புரட்டினேன். அவர் அவசரப்படுத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கிடைத்தது என்றேன். அவர் முதலிலிருந்து அந்த இரண்டடியைச் சொல்லி நிறுத்தினார். நான் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, அடுத்த இரண்டடியைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த பாசுரத்தைத் தொடங்கினார்.